போயனின் பீப்பாய்

ஒப்ராத் கொப்பரையை டிராக்டர் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து கேட்டுக்கு முன்னால் நின்றான். தம்பி மிலூத்தின் கேட்டைத் திறக்கவில்லை. உள்ளே நின்றபடி கம்பியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அண்ணனையே பார்த்தான்.

"திறடா. குளிர்ல கை மரத்துப் போச்சு."

"அப்படியே கோசாராக்கா வீட்டுக்கு ஓட்டிட்டுப் போண்ணா. இந்த வருஷம் நான் சாராயம் காய்ச்சல."

ஒப்ராத் எஞ்சினை அணைத்தான். அந்த மலைச்சரிவில் இலை பழுக்கத் தொடங்கினால் ஊருக்குப் பொதுவான அந்தச் செப்புக் கொப்பரை வீடு வீடாகப் போகும். தொட்டியில் ஊறிக் கிடக்கிற பிளம் பழத்தை அதில் போட்டுக் காய்ச்சி ரக்கியாச் சாராயம் வடிப்பார்கள். அடுப்புக்கு முன்னால் பலகையைப் போட்டு உட்கார்ந்து, தணலில் உருளைக்கிழங்கைச் சுட்டுத் தின்றுகொண்டு, ஊர் வம்பு முழுவதையும் பேசித் தீர்ப்பார்கள். வாசலுக்கு வந்த கொப்பரையைத் திருப்பி அனுப்பிய வீடு என்று ஒன்று அங்கே இருந்ததில்லை.

"ஊறல் நுரை அடங்கி நிக்குது. இங்கயே மூக்குல ஏறுது. இன்னும் கொஞ்ச நாள் விட்டா புளிச்சு நாசமாப் போயிடும்" என்றான் ஒப்ராத். "வர்ற சனிக்கிழமை பையனோட வருஷ நினைவு. ஊரே வரும். வந்தவங்களுக்கு என்ன ஊத்துவே? மோரா?"

"பழச்சாறு."

ஒப்ராத் சிரித்தான். தம்பி சிரிக்கவில்லை என்று கண்டதும் அவன் முகம் சுருங்கியது.

"அவளாலயா?"

மிலூத்தின் கேட்டுக் கொக்கியை இன்னும் இறுக்கிப் போட்டான்.

"பொண்டாட்டிய அடக்கத் தெரியாதவன் கொப்பரையோட சண்டை போடறான். நல்லா இருக்குடா. செத்தவனுக்கு ஒரு சொட்டு இல்லாம வருஷ நினைவு! நம்ம அப்பன் கேட்டா குழியில புரண்டு படுப்பான்."

"புரண்டு படுக்கட்டும். உயிரோட இருக்கறவ தினம் தரையில புரண்டு கெடக்கறா. அதை நான் பாக்கணும்."

அவ்வளவு வெளிப்படையாக அவன் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒப்ராத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, எஞ்சினைக் கிளப்பி மேல் தெருவுக்கு வண்டியை ஓட்டினான்.

அந்த ஊரில் ஆண்கள் குடிப்பதை யாரும் குடி என்று சொல்வதில்லை. காலையில் காப்பிக்கு முன்னால் ஒரு சின்னக் கிளாஸ், விறகு பிளக்கப் போகையில் ஒன்று, விருந்தாளி வந்தால் ஒன்று. அதெல்லாம் சாப்பாட்டு உப்பு மாதிரி. பெண் குடித்தால் கதை வேறு. அதைப் பற்றி எல்லோரும் அறிந்திருப்பார்கள், யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். வாயைத் திறக்காததை மரியாதை என்று வேறு நினைத்துக்கொள்வார்கள்.

மிலூத்தினின் மனைவி தெசாங்கா, மகன் சாவதற்கு முன் குடித்தவள் இல்லை. ரக்கியாவை நெஞ்சுச் சளிக்குத் தேய்ப்பாள், கால்வலிக்குத் துணியில் நனைத்துக் கட்டுவாள். கல்யாண வீட்டில் பாட்டெடுத்தால் அடுத்த குன்றில் கேட்கும். அப்போதும் அவள் கையில் எலுமிச்சைத் தண்ணீர்தான் இருக்கும். "நீங்க குடிச்சாத்தான் பாட்டு வரும், எனக்குச் சும்மாவே வரும்" என்று ஆம்பிளைகளைச் சீண்டுவாள்.

போன வருஷம் இதே பிளம் காலத்தில், பழம் ஏற்றிய டிராக்டர் கீழ்த் தோட்டத்துச் சரிவில் கவிழ்ந்தது. மகன் போயன் அடியில் மாட்டிக்கொண்டான். இருபத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. புதைத்துவிட்டுத் திரும்பும்போது தெசாங்காவுக்கு மூச்சு அடைத்தது. மேல் தெருக் கோசாரா ஒரு கிளாஸ் ரக்கியாவை நீட்டினாள். அதை வாங்கித் தெசாங்காவின் உதட்டில் வைத்தவன் மிலூத்தின்தான். "குடி தெசாங்கா, நெஞ்சடைப்பு இறங்கும்" என்றான். அவள் குடித்தாள். இறங்கியது. இறங்கியதுதான் வினை.

பிறகு சனிக்கிழமைகள் வந்தன. சனிக்கிழமை காலையில் கறுப்புத் துணி கட்டிய பெண்கள் மெழுகுவர்த்தியும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு ஏறுவார்கள். செத்தவர்கள் பேரைச் சொல்லி ஒருத்திக்கொருத்தி ஒரு மடக்கு ரக்கியா ஊற்றுவார்கள். கிளாஸோடு கிளாஸ் இடிக்கக் கூடாது. முதலில் மண்ணில் ஒரு சொட்டு விட்டு, "கடவுள் அவனை மன்னிக்கட்டும்" என்று சொல்லிக் குடிக்க வேண்டும். செத்தவன் பேரில் ஊற்றியதை வேண்டாம் என்று சொல்வது பாவம். தெசாங்கா வேண்டாம் என்று சொன்னதே இல்லை. கல்லறைகள் நிறைய இருந்தன.

குளிர்காலத்தில் மாவுப் பெட்டிக்குள் ஒரு பாட்டில் அகப்பட்டது. அப்புறம் கோழிக் கூண்டில் ஒன்று. பன்றி அறுத்த அன்று கொதிக்கிற தண்ணீரைக் காலில் கொட்டிக்கொண்டு, வலியே தெரியாமல் நின்று சிரித்தாள். அன்றைக்கே மிலூத்தின் ரக்கியா இருக்கிற நிலவறையைப் பூட்டினான். சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்துச் சிலுவையோடு மாட்டிக்கொண்டான். ஊரில் கேட்டவர்களுக்கு, அவளுக்கு ரத்த அழுத்தம், தலை சுற்றுகிறது என்று சொன்னான். ஒரு வருஷமாக அவன் சொன்ன பொய்களை அடுக்கினால் ஒரு வைக்கோல் போர் ஆகும்.

கோடையில் கோசாரா வீட்டுக்குப் போனான். அவள் தகர அடுப்பில் குடைமிளகாய் சுட்டு, கருகிய தோலை உரித்துக்கொண்டிருந்தாள். விரல் எல்லாம் சிவந்திருந்தது.

"கோசாராக்கா, ஒரு விஷயம். சனிக்கிழமை அவளுக்கு ஊத்தாதீங்க."

"யாருக்கு?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

கோசாரா மிளகாயைக் கீழே வைக்கவில்லை. "நான் எங்க தம்பி அவளுக்கு ஊத்தறேன்? போயனுக்கில்ல ஊத்தறேன்? அவன் என் கண்ணு முன்னாடி வளந்த பிள்ளை. அவன் பேர்ல நான் ஊத்தாம இருக்கணுமா?"

"அவன் பேர்ல ஊத்தறது அவ வயித்துக்குள்ள போகுது."

"அவ வயித்துல இருந்து வந்தவன்தானே."

மிலூத்தின் எழுந்தான். அவன் கேட் வரைக்கும் போனபின் அவள் பின்னாலிருந்து கூப்பிட்டாள். "சரி, இனிமே ஊத்தல. மத்தவளுங்க கிட்டயும் சொல்றேன். அவகிட்ட மட்டும் நான் சொன்னேன்னு சொல்லிடாதே, என்னைத் திட்டியே கொன்னுடுவா."

பெண்கள் ஊற்றுவதை நிறுத்தினார்கள். தெசாங்கா கல்லறைக்குப் போவதையும் குறைத்துக்கொண்டாள். நிலவறைச் சாவி மிலூத்தினின் கழுத்தை விட்டு இறங்கவில்லை. ஆனாலும் மத்தியானத்துக்குள் அவள் கண் சிவந்துவிடும், நாக்கு தடிக்கும். எங்கிருந்து வருகிறது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. மாவுப் பெட்டி, கோழிக் கூண்டு, கட்டிலடி, கிணற்று வாளி, எல்லாம் தேடிப் பார்த்தாயிற்று.

வருஷ நினைவுக்கு முந்தின நாள் காலையிலேயே மகள் வெஸ்னா நகரத்திலிருந்து காரில் வந்துவிட்டாள். அங்கே ஒரு ரொட்டிக் கடையில் வேலை. வந்ததும் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வேலையில் இறங்கினாள், சாயங்காலம் முட்டைக்கோஸ் இலையைப் பிரிக்க உட்கார்ந்தாள். அம்மா எதிரில் அரிசியும் கறியும் பிசைந்துகொண்டிருந்தாள். மிலூத்தின் மூலையில் கத்தியைத் தீட்டினான்.

"அம்மா, டாக்டர்கிட்ட பேசிட்டேன்."

"எந்த டாக்டர்?"

"உனக்குத் தெரியும் எந்த டாக்டர்னு. உன் வாயால சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், எந்த நாள் கூட்டிட்டுப் போனாலும் சேத்துக்குவாங்க. நீ சொல்லணும். நாங்க தூக்கிட்டுப் போய் போட்டா எடுத்துக்க மாட்டாங்க."

"நான் என்ன பைத்தியமா?"

"பைத்தியம்னு யாரு சொன்னா? அங்க ஆஸ்பத்திரில உன்னை மாதிரி எத்தனையோ பேர்."

"என்னை மாதிரியா? அவளுங்க பிள்ளை எல்லாம் டிராக்டர் அடியில செத்தானா?"

வெஸ்னா இலையைக் கீழே வைத்தாள். "அவன் எனக்கும் தம்பிதான்மா. நானும்தான் புதைச்சேன். எனக்கு ஒரு தம்பி போனான். இப்ப ஒரு அம்மாவும் போயிட்டிருக்கா. நான் யாருகிட்டப் போய் அழறது?"

தெசாங்கா மகளைப் பார்க்கவில்லை. பிசைந்த கறியை உருட்டி இலையில் வைத்தாள். இலை கிழிந்தது. இன்னொன்றை எடுத்தாள், அதுவும் கிழிந்தது.

"இந்த வருஷம் கோஸ் சரியில்ல" என்றாள்.

"கோஸ் நல்லாத்தான் இருக்கு தெசாங்கா" என்றான் மிலூத்தின்.

"நீ வாயை மூடு மனுஷா. மகன் வருஷ நினைவுக்குச் சாறு ஊத்தப்போற பெரிய மனுஷன் நீ. சின்னப் பிள்ளை பிறந்தநாளா கொண்டாடறோம்? கூடவே ஆளுக்கு ஒரு பலூனும் குடு." சொல்லிவிட்டுப் பால் வாளியை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனாள்.

கதவு சாத்தியதும் வெஸ்னா மெதுவாகக் கேட்டாள். "காலைல அம்மா குளிச்சு வந்தப்போ கட்டிப்பிடிச்சேன், வாசம் இல்ல. இப்ப வாசம் அடிக்குது. அதை எங்க வச்சிருக்காப்பா?"

"தெரியலம்மா. வீட்டைக் குடைஞ்சுட்டேன்."

தொழுவத்தை அவன் குடையவில்லை. அது சோம்பலால் அல்ல. தொழுவத்துப் பரணில் வைக்கோலுக்கு அடியில் போயனின் பீப்பாய் இருந்தது. மகன் பிறந்தால் அந்த வருஷத்து ரக்கியாவில் நல்லதாகப் பார்த்து ஒரு பீப்பாய் எடுத்து வைப்பார்கள். மகன் கல்யாணத்தன்று அதைத் திறப்பார்கள். அதுவரை தொட மாட்டார்கள். அந்த ஊர்த் திருடன்கூடத் தொட மாட்டான். போயன் பிறந்த அன்று மிலூத்தினும் ஒப்ராத்தும் சேர்ந்து முசுக்கட்டை மரப் பீப்பாயில் நிரப்பி, மூடியில் மெழுகு ஊற்றி, பாடிக்கொண்டே பரணில் ஏற்றினார்கள். மகன் போன பிறகு மிலூத்தின் அந்த ஏணியில் கால் வைக்கவில்லை. மாட்டுக்கு வைக்கோல் இழுத்துப் போடுகிற வேலையைத் தெசாங்காவே பார்த்துக்கொண்டாள். நல்ல மனசு, என் வேதனை அறிந்து செய்கிறாள் என்று அவன் நினைத்திருந்தான்.

சனிக்கிழமை காலையில் கல்லறையில் பாதிரியார் ஜெபம் சொன்னார். சர்க்கரை கலந்த கோதுமையை எல்லோரும் ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டார்கள். கல்லில் செதுக்கிய போயன் படத்தில் பனித்துளி ஓடியது. தெசாங்கா அதைக் கறுப்புத் தலைத்துணியின் நுனியால் துடைத்துத் துடைத்து நின்றாள். பிறகு கூட்டம் முற்றத்துக்கு இறங்கியது. பாதிரியாருக்கு அடுத்த ஊரில் ஒரு ஞானஸ்நானம். சூப்பைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

முற்றத்தில் தார்ப்பாய்க்குக் கீழே நீள மேசைகள். சூப், சீஸ், சுட்ட மிளகாய், கோஸ் சுருள், வறுத்த ஆட்டுக்கறி. சாப்பாட்டில் குறை இல்லை. ஆனால் ஆண்களின் கைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒருவன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். ஒருவன் திராட்சைச் சாற்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான்.

"மன்னிக்கட்டும்னு எதை வச்சுச் சொல்றது? இதை வச்சா?" என்று மேசைக் கடைசியில் ஒரு குரல்.

"சொல்லு, சொல்லு. கடவுளுக்கும் சர்க்கரை வியாதி வரட்டும்" என்று இன்னொரு குரல். சிலர் சிரித்தார்கள்.

வெஸ்னாவின் முகம் சிவந்தது. மிலூத்தின் குனிந்து கறியை வெட்டினான். தெசாங்கா மேசைத் தலைமாட்டில் உட்கார்ந்து யாரையும் பாராமல் மேசைத் துணியை நீவிக்கொண்டிருந்தாள்.

ஒப்ராத்துக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றான். "தம்பி, எல்லாரும் இருக்கும்போது சொல்றேன், கோவிச்சுக்காதே. காய்ச்சல, சரி. உன் இஷ்டம். ஆனா போயனோட பீப்பாய் இருக்கே! அதை என்ன பண்ணப்போறே? அவனுக்குக் கல்யாணம் இல்ல. இனிமே வரப்போறதும் இல்ல. அவனுக்குன்னு வச்சது அவன் ஆத்மாவுக்குப் போகட்டும். ஆளுக்கு ஒரு வாய். அதோட முடிஞ்சுது."

மேசை முழுக்க ஒரு முனகல். நியாயம்தான் என்றார்கள். மூத்தவர் ஒருவர் கண்ணைத் துடைத்தார். தெசாங்காவின் கை துணி மேல் நின்றுவிட்டது.

வேண்டாம் என்று மிலூத்தின் சொல்லியிருக்க வேண்டும். அண்ணன், ஊர், மகனின் பெயர், மூன்றும் சேர்ந்து அவனை அமுக்கின. "சரி" என்றான். "எடுத்துட்டு வா."

"அப்பா!" என்றாள் வெஸ்னா.

"ஒரு வாய்தான்மா. அம்மாவுக்கு வேண்டாம்."

"நிரம்பின பீப்பாய், கூட ரெண்டு பேர் வாங்கடா" என்று சொல்லிக்கொண்டே ஒப்ராத் தொழுவத்துக்குப் போனான். பரணில் வைக்கோல் சரியும் சத்தம் கேட்டது. பிறகு ஒப்ராத் வந்தான். பீப்பாயை ஒற்றைக் கையில், வெறும் கூடையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வந்தான். கூடப் போனவர்கள் பின்னால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தார்கள்.

மேசை மேல் வைத்து விரல் முட்டியால் தட்டினான். வெறும் ஒலி வந்தது. மெழுகு சுரண்டப்பட்டிருந்தது, மூடியில் ஒரு கந்தல் துணி அடைத்திருந்தது.

"வித்துட்டியாடா?" என்றான் ஒப்ராத். குரல் உடைந்துவிட்டது. "நானும் நீயும் சேந்து நிரப்பினதுடா அது. உன் மகன் கல்யாணத்த வித்துட்டியா?"

மிலூத்தினுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஏணி, வைக்கோல், பால் வாளி. அவன் மனைவியைப் பார்த்தான். அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ஊரே அவன் வாயைப் பார்த்தது. ஒரு வருஷப் பழக்கம், வாய் தானாகத் திறந்தது.

"நான் குடிச்சேன்" என்றான்.

"நீயா?"

"ஆமா. அவன் போனதுக்கப்புறம் தாங்க முடியல. தினமும் ஏறிக் குடிச்சேன்."

கோசாரா தலையைக் குனிந்துகொண்டாள். ஒருவரும் நம்பவில்லை, நம்பாவிட்டாலும் அதோடு விட்டுவிடத் தயாராக இருந்தார்கள். யாரோ ரொட்டித் தட்டை நகர்த்தினார்கள். இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் மறுபடி சூப்பைப் பற்றிப் பேசத் தொடங்கியிருப்பார்கள்.

தெசாங்கா எழுந்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

"பொய் சொல்றான்" என்றாள். "இந்த மனுஷனுக்கு ஏணி ஏறினாலே அழுகை வரும். நான்தான் குடிச்சேன்."

"உக்காரு தெசாங்கா" என்றான் மிலூத்தின்.

"உக்கார மாட்டேன். என் பிள்ளை கல்யாணம், நான் பேசுவேன். காலைல பால் கறக்கறப்போ கல்யாணம். சாயங்காலம் பால் கறக்கறப்போ கல்யாணம். நான் ஒருத்திதான் சம்பந்தி, நான் ஒருத்திதான் விருந்தாளி. பாட்டுக்கூடப் பாடினேன், மாடு கேட்டுச்சு. ஒப்ராத் மச்சான், நீ இவனைத் திட்டாதே. என்னைத் திட்டு."

ஒப்ராத் பெரிய உருவம், நின்ற இடத்திலேயே அழுதான்.

தெசாங்கா பீப்பாய் மேல் கையை வைத்தாள். குரல் இறங்கிவிட்டது. "எல்லாத்தையும் குடிக்கல. அடியில கொஞ்சம் விட்டு வச்சிருக்கேன். அவன் பங்கு. அதை மட்டும் தொடக் கூடாதுன்னு எனக்கு நானே சொல்லி வச்சேன். மனுஷா, நீ எடுத்துட்டுப் போய் அவனுக்கு ஊத்திட்டு வா. என் கையால வேண்டாம்."

மிலூத்தின் பீப்பாயைத் தோளில் வைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு ஏறினான். கூட வருகிறேன் என்ற வெஸ்னாவைக் கையால் தடுத்தான். பாதை நெடுக உதிர்ந்த பிளம் இலை வழுக்கியது. தோளில் ஏதாவது தளும்புகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டே நடந்தான். கல்லறைக்கு முன்னால் மண்டியிட்டு, துணியைப் பிடுங்கி, பீப்பாயைக் கவிழ்த்தான். ஒன்றும் விழவில்லை. குலுக்கினான். அடியில் தட்டினான். உள்ளே விரலை விட்டுத் துழாவினான், மரம் காய்ந்திருந்தது. இருபத்தேழு வருஷ வாசம் மட்டும் வந்தது.

அவன் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். மகன் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை. அவள் பொய் சொல்லவில்லை என்று அவனுக்குத் தெரியும். விட்டு வைத்ததாகத்தான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு காலையில், ஏதோ ஒரு சாயங்காலத்தில் அதையும் குடித்துவிட்டு, குடித்ததையே மறந்திருக்கிறாள்.

இறங்கி வரும்போது, ஊற்றிவிட்டேன் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தான். நாக்கு நுனியில் அது ரெடியாக இருந்தது. கேட்டைத் திறந்தபோது ஒருவரும் எழுந்து போயிருக்கவில்லை. எல்லோரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். தெசாங்கா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"ஊத்தினியா?"

மிலூத்தின் பீப்பாயைத் தரையில் வைத்தான்.

"ஒண்ணும் இல்ல தெசாங்கா."

"ஒண்ணும் இல்லன்னா?"

"காய்ஞ்சு கெடக்கு. ஒரு சொட்டுகூட விழல."

அவள் அவனையே பார்த்தாள். அவன் பார்வையைத் திருப்பவில்லை.

"அவன் பங்கையுமா?" என்றாள்.

"அவன் பங்கையும்தான்."

அவள் உட்கார்ந்துவிட்டாள். கறுப்புத் தலைத்துணியை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். கோசாரா எழுந்து வந்து தோளைத் தொட்டாள். தெசாங்கா அந்தக் கையைத் தட்டவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. பிறகு வாயிலிருந்து துணியை எடுத்தாள்.

"வெஸ்னா, வண்டியை எடு."

"எங்கேம்மா?"

"உன் டாக்டர்கிட்ட. சரின்னு சொல்றேன். இப்ப கூட்டிட்டுப் போ. நாளைக்குக் கேட்டா மாட்டேன்னு சொல்லிடுவேன்."

வெஸ்னா ஓடிப் போய்ச் சாவியை எடுத்து வந்தாள். கம்பளிச் சட்டை, செருப்பு, சீப்பு என்று கோசாரா ஏதேதோ ஒரு பையில் திணித்துக் கொடுத்தாள். மிலூத்தின் கார்க் கதவைத் திறந்து தானும் ஏறப் போனான்.

"நீ எங்க வர்றே?" என்றாள் தெசாங்கா. அவள் இரண்டு கையையும் மடியில் ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருந்தாள். "வந்தவங்க இன்னும் கறி சாப்பிடல. போயன் வீட்ல இருந்து பசியோட போனாங்கன்னு பேச்சு வரக் கூடாது. போய்ப் பரிமாறு. அந்தத் தொட்டியில கெடக்கற ஊறலையும் கொட்டிடு, வாசம் இங்க வரைக்கும் அடிக்குது."

கார் சரிவில் இறங்கித் திரும்பி மறைந்தது. மிலூத்தின் கொஞ்ச நேரம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் திரும்பி வருவாளா, வந்தால் எப்படி வருவாள் என்று அவனுக்குத் தெரியாது. பிறகு முற்றத்துக்கு வந்து கறித் தட்டை எடுத்தான். ஒப்ராத்தின் முன்னால் திராட்சைச் சாறு அப்படியே இருந்தது. ஒப்ராத்தே அதை எடுத்து, மண்ணில் ஒரு சொட்டு விட்டு, "கடவுள் அவனை மன்னிக்கட்டும்" என்று சொல்லிக் குடித்தான். மற்றவர்களும் தங்கள் கிளாஸை எடுத்தார்கள். மிலூத்தின் ஒவ்வொரு தட்டிலும் கறியை வைத்துக்கொண்டே போனான்.